அரை அங்குலச் சுவரும் 55 அங்குல டீவியும்

பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎல டவுனில் கடைக்கு மேல் மாடி எழுப்புகிறவர்கள் உள்சுவருக்கு இப்போது கல் வைப்பது குறைந்துவிட்டது. ஜி.ஐ. சேனலை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்ட் அடித்துவிடுகிறார்கள். மணல் ஏற்ற வேண்டாம், பூச்சு காயக் காத்திருக்க வேண்டாம், தளத்துக்கும் பாரம் குறைவு. பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துவிட்டால் அது கல்சுவரா போர்டா என்று கண்ணுக்குத் தெரியாது. தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். டியூஷன் வகுப்போ, சலூனோ, மேல்மாடி வாடகை வீடோ, பெயின்ட் வாசம் போகும் முன்பே சுவரில் ஏறுவது டீவி.

*

வழக்கமாக வரும் கேள்வி: "பாஸ், இது எத்தன கிலோ தாங்கும்?"

கேட்கிறவர் போர்டைத் தட்டிக்கொண்டே கேட்பார். போர்டைப் பற்றிய கேள்வி என்றால் பதில் சுருக்கமானது: தன்னையே தாங்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. நடுவில் ஜிப்சம் மாவு, இரண்டு பக்கமும் தடித்த காகிதம், மொத்தம் 12.5 மில்லிமீற்றர். அதாவது அரை அங்குலம். எட்டடிக்கு நாலடிப் போர்ட் ஒன்றே 25 கிலோவுக்குக் கிட்ட வரும். 55 அங்குல டீவி அதைவிட நிறை குறைவு, 15 முதல் 18 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் போர்டின் நிறை முப்பது நாற்பது ஸ்க்ரூவில் பரவி நிற்கிறது. டீவியின் நிறையோ நாலு ஓட்டையில் வந்து இறங்குகிறது.

ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்று. தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீராகவே படிகத்துக்குள் பிடித்து வைத்திருக்கும். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை போர்டுக்குப் பின்னால் சூடு அதிகம் ஏறாது. அமெரிக்காவில் ஒகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் காகிதத்தையும் ஜிப்சத்தையும் அடுக்கி இதன் மூதாதைக்குக் காப்புரிமை வாங்கினார். தீக்கு நல்ல சாமான். ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் மட்டும் அதற்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

*

சுவரைத் தெரிந்துகொள்ளச் சின்ன ஓட்டை ஒன்று போதும். பிராக்கெட்டுக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடிய இடமாகப் பார்த்து, 3 மில்லிமீற்றர் பிட்டில் மெதுவாகப் போட வேண்டும். வெளியே வரும் தூள் பேசும்.

வெள்ளை மாவு கொட்டி, அரை அங்குலத்தில் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் போர்டும் அதற்குப் பின்னால் வெறும் காற்றும். வெள்ளை மாவுக்குப் பிறகு பிட் ஒரு கணம் தயங்கி, பளபளக்கும் இரும்புச் சுருள் ஒன்று நுனியில் சுற்றிக்கொண்டு வந்தால் சேனல் கிடைத்துவிட்டது. சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறமாகக் கரகரவென்று வந்தால் சீமெந்துப் புளொக் கல். கொஞ்சம் சுண்ணாம்பும் பிறகு ஈரமான பழுப்பு மண்ணும் வந்தால் பழைய லயத்துச் சுவர், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுச் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண் சாந்தில் பிட் போயிருக்கிறது. ஸ்க்ரூவையும் பிளக்கையும் முடிவு செய்வது இந்தத் தூளைப் பார்த்த பிறகுதான்.

விரலால் தட்டிச் சத்தம் கேட்பதும் உண்டு. ஆனால் பட்டி கனமாகப் போட்ட சுவரில் காது ஏமாறும். காந்தம் ஏமாறாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டு நகர்த்தினால், போர்டைச் சேனலில் அடித்த ஸ்க்ரூத் தலைக்கு நேரே வந்ததும் இழுக்கும். ஒன்று கிடைத்தால் அதற்கு நேர் மேலும் கீழும் அடுத்தடுத்துக் கிடைக்கும். அந்த வரிசைதான் சேனல். இராத்திரியில் லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தாலும் பட்டிக்கு அடியில் ஸ்க்ரூ இருக்கும் குழிகள் நிழல் காட்டும்.

*

பிராக்கெட் பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் தடித்த பிளாஸ்டிக் பிளக்கும் நீள ஸ்க்ரூவும் வரும். அவை கல்சுவருக்கு. ஜிப்சம் சுவரில் அவற்றைப் போடவே கூடாது. பெட்டியில் வந்ததால் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போட்டவர்களின் சுவரில், மேல் இரண்டு ஓட்டைகளைச் சுற்றிக் காகிதம் கிழிந்து மாவு உதிர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிளக்கின், அதாவது ரோல் பிளக்கின், கதை ஒரு நூதனசாலையிலிருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பிரித்தானிய நூதனசாலையில் மின்சாரச் சாமான்களைச் சுவரை உடைக்காமல் பூட்ட வேண்டியிருந்தது. அதுவரை சுவரைப் பெரிதாகக் குடைந்து, மரக்கட்டை இறுக்கி, அந்தக் கட்டையில்தான் ஸ்க்ரூ ஏற்றுவார்கள். ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்பவர் சணல் நாரை ஒட்டுப் பசையில் இறுக்கிச் சிறு குழாயாக்கினார். ஸ்க்ரூ உள்ளே போகப் போக நார் விரிந்து கல்லைக் கவ்வியது. ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் அதை நைலோனில் செய்தார். ஹாட்வெயார் கடையில் நாம் கைப்பிடி அள்ளி வாங்கும் பிளக் அந்த வம்சம்.

விரிவதும் கவ்வுவதும்தான் இதன் வேலை. கவ்வுவதற்குச் சுற்றிலும் கெட்டியான எதிர்ப்பு வேண்டும். கல்லில் அது இருக்கிறது. அரை அங்குல மாவில் பிளக் விரிய விரிய ஓட்டைதான் பெரிதாகும்.

*

போர்டில் நிற்பது பின்னாலிருந்து பிடிக்கும் சாமான் மட்டும். ஸ்பிரிங் வைத்த இரண்டு இறக்கை போல்டில் மடங்கி இருக்கும். ஓட்டைக்குள் தள்ளியதும் பின்பக்கத்தில் இறக்கை விரியும். போல்டை முறுக்கினால் இறக்கை போர்டின் முதுகில் வந்து அமரும். சில கடைகளில் பட்டர்ஃபிளை போல்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதற்கு அரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஓட்டை வேண்டும். பார்க்கும்போது வயிறு கலங்கும். பிராக்கெட்டின் தட்டு மறைத்துவிடும். போல்டைக் கழற்றினால் இறக்கை உள்ளே விழுந்து தொலைந்துவிடும், ஆகவே பிராக்கெட்டைப் போல்டில் முதலிலேயே கோர்த்துக்கொண்டுதான் சுவருக்குப் போக வேண்டும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு பல நேரம் சோதனைச் சாலையில் உடைந்த அளவு. அதில் நாலில் ஒன்றை மட்டும் நம்புவது இந்த வேலையில் வழக்கம்.

இதே ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் கலந்த ஓயாவுக்கு மேல் போகொட மரப்பாலம் நிற்கிறது. இலங்கையில் மிஞ்சியிருக்கும் மரப்பாலங்களில் மிகப் பழையது அதுவே என்பார்கள். கூரையோடு கூடிய அந்தப் பாலத்தைப் பூட்டியிருப்பது மர ஆணிகள். ஆணி மரமாக இருந்தாலும் பரவாயில்லை, அது இறங்கும் இடம் முழு மரமாக இருக்கிறதே.

*

நிறையைவிடத் தூரத்துக்குப் பயப்பட வேண்டும். இதை வாடிக்கையாளருக்குப் புரியவைப்பது கஷ்டம், ஆனால் தோட்டத்தில் வேலை செய்த அம்மாமாருக்கு ஒரே வரியில் புரியும். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டால் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை நடந்துவிடலாம். அதே கூடையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டீவி 17 கிலோ, பிராக்கெட் 3 கிலோ, மொத்தம் 20. சுவரோடு ஒட்டும் தட்டைப் பிராக்கெட்டில் இந்த நிறையின் மையம் சுவரிலிருந்து 5 சென்றிமீற்றரில் நிற்கிறது என்று வைப்போம். மேல் போல்டிலிருந்து தட்டின் கீழ் விளிம்பு வரை 20 சென்றிமீற்றர். மேல் போல்டுகளை வெளியே இழுக்கும் விசை: 20 தர 5, வகு 20. ஐந்து கிலோ. மிகச் சின்னது.

இப்போது மடங்கி நீளும் கை வைத்த பிராக்கெட். டீவியைக் குசினிப் பக்கம் திருப்பிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்குவது. கையை 50 சென்றிமீற்றர் நீட்டினால் 20 தர 50, வகு 20. ஐம்பது கிலோ. அதே டீவி, அதே சுவர், பத்து மடங்கு இழுப்பு. அந்த நீட்டிய கையில் 15 கிலோப் பிள்ளை ஒன்று பிடித்துத் தொங்கினால் இழுப்பு 87 கிலோவைத் தாண்டும். பேரனைப் பற்றிப் பேசும்போது ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டீவிய பத்தி கவல இல்ல தம்பி, சின்னவன் கார்ட்டூன் பொம்மைய புடிக்கப் போவான்."

பெட்டியில் "50 கிலோ வரை" என்று அச்சடித்திருப்பது பிராக்கெட்டின் பலம். சுவரைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது.

*

சேனல் கிடைத்துவிட்டதே, அதில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் என்ன என்பார்கள். நம் ஊர்ப் பார்டிஷன்களில் வரும் சேனல் அரை மில்லிமீற்றர்த் தகடு. ஸ்க்ரூவுக்கு அதில் ஒரு சுற்றுப் புரிதான் பிடிக்கும். கீழ்நோக்கிய நிறைக்கு நிற்கும், வெளியே இழுக்கும் விசைக்கு நாளடைவில் புரி வழுக்கும். சேனல் ஒரு பக்கம் திறந்த வடிவம். திறந்த பக்கம் வளையும், மூடிய பக்கம் வளையாது. ஏற்றுவதானால் மூடிய பக்கத்தை ஒட்டி ஏற்ற வேண்டும். அதைவிட நல்லது, சேனல் தகட்டிலேயே ஓட்டை போட்டு இறக்கை போல்டை அதற்குப் பின்னால் விரிப்பது. போர்டும் தகடும் சேர்ந்து பிடிக்கும்.

இன்னொரு சிக்கல் இடைவெளி. சேனலை இரண்டு அடிக்கு ஒன்று நிறுத்துவார்கள். கவனமானவர்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. பிராக்கெட்டின் தட்டு பல நேரம் ஒன்றரை அடிதான் இருக்கும். ஆகவே இரண்டு சேனலை ஒரே நேரத்தில் பிடிப்பது அதிர்ஷ்டம். டீவி நடுவில் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லும் இடத்தில் சேனல் இருந்ததே இல்லை என்று பாஸ்மார் சிரித்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்த வழி, நாலடி அகலமும் இரண்டடி உயரமுமாக 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்று. இரண்டடி இடைவெளி என்றால் அது மூன்று சேனலை மூடும். சேனல் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஸ்க்ரூ, மேல் வரிசையில் மட்டும் இறக்கை போல்ட். பிராக்கெட்டுக்கான போல்ட்டைப் பலகையின் பின்பக்கத்திலிருந்து, தலை மரத்துக்குள் அமுங்கும்படி முதலிலேயே ஏற்றிவிட வேண்டும். பலகை சுவருக்குப் போன பிறகு பிராக்கெட்டை அந்தப் போல்ட்டுகளில் மாட்டி நட் போட்டு இறுக்கினால் போதும். நிறை நாலு ஓட்டையிலிருந்து பதினைந்து இருபது இடத்துக்குப் பரவுகிறது. பலகைக்குச் சுவரின் பெயின்டையே அடித்துவிடலாம். வார்னிஷ் அடித்து டிசைன் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு.

அதைவிடவும் பயமில்லாத வழி நிலத்தை நம்புவது. இரண்டு மரச் சட்டத்தைத் தரையிலிருந்து பிராக்கெட் உயரத்துக்கு நிறுத்தி, பிராக்கெட்டைச் சட்டத்தில் பூட்டுவது. நிறை முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். சுவருக்கு இருப்பது சட்டம் முன்னால் சாயாமல் பிடிக்கும் வேலை மட்டும். அழகு கொஞ்சம் குறையும். கீழே ஒரு தட்டடித்து ரவுட்டரும் டிஷ் பெட்டியும் வைத்தால் அந்தக் குறையும் தெரியாது.

*

வெள்ளையாக, தட்டையாக இருக்கும் எல்லாத் தகடும் ஜிப்சம் அல்ல. பழைய தோட்டக் குவார்ட்டர்ஸ்களிலும் டவுனின் பழைய கட்டடங்களிலும் மறைப்புக்கு ஆஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு அடித்திருப்பார்கள். நகத்தால் அழுத்தினால் ஜிப்சத்தில் தடம் விழும், இதில் விழாது. தட்டினால் ஓடு தட்டிய சத்தம் வரும். விளிம்பு உடைந்திருந்தால் சாம்பல் நிறத்தில் நார் தெரியும். சந்தேகம் வந்தால் டிரில்லை எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, புற்றுநோயாகப் பல ஆண்டு கழித்துக் காட்டலாம்.

இந்தத் தகட்டுக்கும் தேயிலைக்கும் ஒரு கதை இருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து ஆஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. ஆஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். கொழும்பு தன் முடிவைத் தள்ளிப்போட்டது, தேயிலைத் தடையும் சில நாட்களில் நீங்கியது. வண்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பத்திரிகைகள் எழுதிய கேலி இன்னும் பழசாகவில்லை.

*

லயத்துக்கு வருவோம். ரொக்கத்தென்ன பக்கமோ தெமோதர பக்கமோ, பழைய லயங்களில் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. வெளிச்சுவர் கருங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். உள்ளே அறையைப் பிரித்திருப்பது பலகை, ஹார்ட்போர்ட், சில இடத்தில் பழைய சேலை. பல லயங்களில் அடுத்த வீட்டுக்கும் நமக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது, அடுத்த வீட்டு நாடகத்தின் அழுகையை இலவசமாகக் கேட்கலாம்.

தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது 1979இல், ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரியில். மின்சாரம் இல்லாத லயங்களில் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கார் பட்டறியில் ஓட்டினார்கள். பட்டறியை டவுனுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் ஏற்றி வருவது வீட்டு இளைஞனின் வேலை. பிறகு வந்த கலர்ப் பெட்டிகள் பொணக்கனம். 29 அங்குலப் பெட்டியை இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். அதற்கென்றே அலுமாரி, அதற்கு மேல் பின்னல் துணி, துணிக்கு மேல் பிளாஸ்டிக் பூ. அந்தப் பெட்டிகளைச் சுவரில் மாட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நிறை குறைந்த பிறகுதான் விழும் பயம் சுவரேறியது.

ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் ஒரு லட்ச ரூபா டீவி என்றால் ஏறத்தாழ 74 முழுப்பேர், அதாவது 74 நாள் முழுச்சம்பளம். அத்தனை நாள் மலை ஏறி இறங்கியவர்களின் சாமான் அது. அதை மாட்டப் போகிறவன் அவசரப்படலாமா?

லயத்துக் கல்சுவரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டிரில்லை ஹாமரில் போட்டு அடித்தால் மண் சாந்து உள்ளுக்குள் பொடிந்து கல்லே ஆடும். ஹாமர் வேண்டாம், கல் மேலேயே மெதுவாக ஓட்டை. சாந்தில் விழுந்த ஓட்டையை மூடிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். பலகைத் தடுப்பில் மாட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்னொன்றும் உண்டு. லயத்தின் சுவர் அதற்குள் பிறந்து வளர்ந்தவர் பெயரில் இல்லை. ஓட்டை போடத் தோட்டத்துரையிடம் கேட்க வேண்டுமா என்று கேட்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தோட்ட வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்தவர்கள் முதல் வேலையாகச் சுவரில் டீவி மாட்டுவது பகட்டு என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த வீடுகளின் புளொக் கல் உள்ளே குடைவாக இருக்கும். சாதாரண பிளக் அந்தக் குடைவுக்குள் தொங்கும்; கல்லின் கெட்டியான பாகத்தைத் தேடித்தான் பூட்ட வேண்டும்.

*

ஊவாவில் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி தொடங்கிவிடும். மலையில் டீவி சாவது பெரும்பாலும் மின்னலில். "இடி முழங்குது, வயர கழட்டு" என்று ஆச்சி கத்தும் வீடுகள் தப்பிக்கின்றன. டீவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியதும் பிளக்கும் டிஷ் வயரும் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிறகு யார் கழற்றுவது? ஆகவே பிளக் பொயின்ட் டீவிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிஷ் வயரும் அந்த இடத்தில் ஒரு மூட்டுப் போட்டுத்தான் மேலே போக வேண்டும். மாட்டும் முன்பே சொல்ல வேண்டிய விஷயம் இது. மாட்டிய பிறகு சொன்னால் யாரும் கேட்பதில்லை.

வயர் என்றதும் இதுவும். பார்டிஷனுக்குள் கரண்ட் வயர் சேனலில் இருக்கும் துளைகள் வழியே குறுக்காகவும், சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் நெட்டாகவும் ஓடும். அந்தக் கோடுகளில் டிரில் போடக் கூடாது. மெயினை அணைத்துவிட்டுப் பட்டறி டிரில்லில் வேலை செய்தால் நிம்மதி. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம், அதை டெஸ்ட் பட்டன் அமுக்கிப் பார்த்தவருக்கு மட்டும் பொருந்தும்.

*

வடகீழ்ப் பருவ மழையில் பதுளைப் பக்கம் நாள் கணக்கில் துணி காயாது. தகரம் ஒழுகும் இடத்திலுள்ள ஜிப்சம் போர்ட் பெருவிரல் அழுத்தினால் அமுங்கும். பெயின்டில் மஞ்சள் வளையம் இருந்தால் அந்த இடத்துக்கு ஏற்கெனவே தண்ணீர் வந்து போயிருக்கிறது. நனைந்த போர்ட் காய்ந்தாலும் பழைய பலத்துக்கு வருமென்று நம்பி மாட்டக் கூடாது. வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போட வேண்டும். ஈரம் தாங்கும் பச்சைக் காகிதப் போர்ட் இருக்கிறது. ஈரத்துக்கு நல்லது, நிறைக்கு அதுவும் இதுவும் ஒன்றே.

இன்று நின்ற டீவி மூன்று மாதம் கழித்து விழுவதற்கும் காரணம் இருக்கிறது. விடாமல் இழுக்கும் நிறைக்கு ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், ஈரக் காலத்தில் இன்னும் வேகமாக. பிராக்கெட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழைய ஆரம்பித்தால் டீவியை அன்றைக்கே இறக்கிவிட வேண்டும்.

*

டீவியின் முதுகில் நாலு ஓட்டை. அவற்றின் இடைவெளி வெசா அளவுப்படி 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீற்றர் என்று இருக்கும். பெரிய டீவிக்கு எம்6 அல்லது எம்8 ஸ்க்ரூ. நீளம் கூடினால் உள்ளே சர்க்கிட் போர்டையோ திரையையோ குத்தும். கையால் சுற்றி, சுகமாக நின்ற இடத்தில் நிறுத்த வேண்டும். மாட்டும்போது இரண்டு பேர், மேல் கொக்கி விழுந்த சத்தம் கேட்ட பிறகும் உடனே கையை விடாமல், கீழ்ப் பூட்டு விழுந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு விட வேண்டும். உயரம் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு. சாமிப் படத்தின் உயரத்தில் மாட்டச் சொல்பவர்களுக்குக் கழுத்து வலி இரண்டாவது வாரத்தில் வரும்.

*

மாட்டாமல் வைப்பதும் ஒரு முடிவுதான். தாழ்ந்த, அகலமான மேசை. டீவியின் முதுகிலுள்ள அதே வெசா ஓட்டைகளிலிருந்து ஒரு பட்டியோ கம்பியோ சேனலுக்கோ மேசைக்கோ இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். டீவியும் மேசையும் சாய்ந்து விழுவதில் உயிரிழக்கிறவர்களில் அதிகம் பேர் சின்னப் பிள்ளைகள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு 2015இல், கட்டி வையுங்கள் என்று தனிப் பிரசாரமே தொடங்கியது. இழுப்பறையை ஏணிப்படியாக்கி ஏறும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. வாடகை வீடு, சேனல் எங்கே என்று தெரியாத சுவர், மூன்று வயதுப் பிள்ளை, இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் நான் மேசையைத்தான் சொல்வேன்.

நீளும் கைப் பிராக்கெட்டை ஜிப்சம் சுவரில் பூட்டக் கேட்டால் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே பிளைவூட் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் மட்டும் பேசலாம்.

*

பார்டிஷன் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கம் போர்ட் அடித்து, மறுபக்கம் திறந்திருக்கும் நாளில் போய் நில்லுங்கள். டீவி வரும் இடத்தில் இரண்டு சேனலுக்கு நடுவில் ஒரு பிளைவூட் துண்டை அடித்துத் தரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அது சின்னச் செலவு, சின்ன வேலை. தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பை நீட்டி வைத்து, அளவு தெரியும்படி போனில் ஒரு படம் எடுங்கள். வயர் ஓடும் வழியும் அந்தப் படத்தில் விழட்டும். மறுபக்கப் போர்டை அதற்குப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.